460 சிசி மட்டையும் 240 குதிரை எஞ்சினும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் 18 குழி கோல்ஃப் மைதானம் ஒன்றுகூடக் கிடையாது. தொண்டியில் ஆரம்பித்து, மண்டபம், பாம்பன் தாண்டி தனுஷ்கோடி முனை வரை போய், திரும்பி வந்து கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று கரையோரமாகவே நடந்து பாருங்கள். பனை தெரியும், சீமைக்கருவேலம் தெரியும், உப்பளம் தெரியும், படகு தெரியும். வெட்டி வைத்த பச்சைப் புல்வெளி மட்டும் தெரியாது. "டைட்டானியம் டிரைவர்" என்று சொன்னால் இங்கே பாதிப் பேர் ஏதோ புது மாடல் லாரி ஓட்டுகிறவர் என்றுதான் நினைப்பார்கள். (கோல்ஃபில் முதல் அடியை அடிக்கிற நீளமான மட்டைக்குப் பெயர் டிரைவர். அவ்வளவுதான் விஷயம்.)

அப்புறம் எதற்கு இந்தக் கரையில் அந்த மட்டையின் கதை? ராமேஸ்வரம் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகளின் கதையும் அதுவும் அச்சு அசலாக ஒன்று என்பதால். ஒரே ஒரு வித்தியாசம். மட்டைக்காரர்கள் "போதும், இதற்கு மேல் வேண்டாம்" என்று ஒரு எண்ணை எழுதினார்கள். எழுதியதை இன்று வரை அளந்தும் பார்க்கிறார்கள். கடலுக்கும் ஒரு எண்ணை எழுதியிருக்கிறார்கள். எழுதியதோடு சரி.

முதலில் மட்டை. பல காலம் டிரைவரின் தலை மரத்தில்தான் இருந்தது. பெர்சிமன் என்று ஒரு மரம், கருங்காலிக்குப் பங்காளி. 1979-ல் டெய்லர்மேட் என்ற அமெரிக்கக் கம்பெனி உள்ளே கூடான எஃகுத் தலையோடு வந்தது. 1991-ல் கேலவே கம்பெனியின் 'பிக் பெர்த்தா' வந்தது. முதல் உலகப்போரில் ஜெர்மன்காரர்கள் வைத்திருந்த பீரங்கியின் பெயர் அது. விளையாட்டுச் சாமானுக்குப் பீரங்கியின் பெயரை வைக்கும்போதே போகிற திசை தெரிந்திருக்க வேண்டும். 1995-ல் அதே கம்பெனி 'கிரேட் பிக் பெர்த்தா' என்று டைட்டானியத்தில் இறக்கியது. ஜப்பான்காரர்கள் அதற்கு முன்பே டைட்டானியத்தைத் தொட்டுவிட்டார்கள், ஆனால் கடைக்குக் கடை பரவியது இதற்குப் பிறகுதான். அமெரிக்காவில் விலை ஏறக்குறைய 500 டாலர்.

டைட்டானியத்தில் அப்படி என்ன இருக்கிறது? எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 7.8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம். டிரைவர் தலையின் எடை 200 கிராமைச் சுற்றித்தான் இருக்க முடியும். அதற்கு மேல் போனால் வேகமாகச் சுழற்ற வராது. ஆக அதே 200 கிராமில் டைட்டானியத்தால் பெரிய தலை செய்யலாம். தலை பெரிதானால் முகம் அகலம், பந்து கொஞ்சம் ஓரமாகப் பட்டாலும் ரொம்பக் கோணாமல் போகும். இது நியாயமான லாபம். இன்னொன்றும் உண்டு. முகத்தை மெல்லிசாகச் செய்தால் பந்து படும் கணத்தில் அது உள்ளே அமுங்கி, திரும்பித் தள்ளிவிடும். கயிற்றுக் கட்டிலில் குதிக்கிற பையனை நினைத்துக்கொள்ளுங்கள். சண்டை வந்தது இந்தக் கயிற்றுக் கட்டிலால்தான்.

(டைட்டானியம் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். இதே தென்கரையில் மணவாளக்குறிச்சிக் கருமணலில் இல்மனைட்டாகக் கிடக்கிறது. கேரளத்தின் சவறாவில் 2011-ல் அதிலிருந்து டைட்டானியம் எடுக்கும் ஆலை திறந்தார்கள், ராக்கெட் வேலைக்காக. உலகத்தில் தோண்டுவதில் மிகப் பெரும்பகுதி வெள்ளை நிறமிக்குத்தான் போகிறது. அது தனிச் சண்டை.)

சரி, இதை வாங்குகிற மனிதரின் பாடு என்ன? கடையில் ஒரு பாய் விரித்து, எதிரே வலை கட்டி, பக்கத்தில் வேகம் காட்டும் மெஷின் வைத்திருப்பார்கள். பத்துப் பந்து அடிக்கலாம். அதில் ஒன்று நன்றாகப் போகும். மனசு அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும், மற்ற ஒன்பதும் மறந்து போகும். பில் போடுகிறவருக்கும் அது தெரியும். அப்புறம் மட்டையின் சாய்வுக்கு வாருங்கள். டிவியில் வருகிற வீரர் 9 டிகிரி வைத்திருக்கிறார் என்று இவரும் 9 டிகிரி கேட்பார். அந்த வீரரின் மட்டைத் தலை மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டி வருகிறது. இவருடையது 150-ஐத் தொட்டால் பெரிய விஷயம். மெதுவாகச் சுழற்றுகிறவருக்கு 10.5, 12 என்று சாய்வு கூடுதலாக இருந்தால்தான் பந்து மேலே எழும். ஆனால் 12 டிகிரி கேட்பது கௌரவக் குறைச்சல்! தண்டும் அப்படித்தான். வளையாத 'ஸ்டிஃப்' தண்டு வைத்திருப்பவன் ஆம்பளை, மற்றவன் கிழவன் என்று ஒரு நினைப்பு. முடிவு என்ன? பந்து வலது பக்கம் வளைந்து புதருக்குள் போகும். சத்தம் மட்டும் தகர டப்பாவில் கல்லெறிந்த மாதிரி மைதானம் முழுக்கக் கேட்கும்.

கொடைக்கானலில் 1895-ல் இருந்து ஒரு கோல்ஃப் கிளப் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 அடி உயரம், காற்று மெலிசு, பந்து கூடுதல் தூரம் போகும். புது மட்டையை அங்கே கொண்டுபோய் முதலில் அடித்துப் பார்க்கிறவருக்கு மட்டை மேல் காதலே வந்துவிடும். அதே மட்டையோடு சென்னைக்கு இறங்கினால் சாயம் வெளுத்துவிடும். மட்டை மாறவில்லை, மலைதான் மாறியது.

மறு வருஷம் புது மாடல் வரும். "பத்து கஜம் கூடுதல்." அதற்கடுத்த வருஷம் இன்னொரு பத்து. இந்தக் கம்பெனிகள் சொன்ன பத்துகளையெல்லாம் கூட்டினால் கிண்டியில் அடித்த பந்து இந்நேரம் சைதாப்பேட்டையில் விழுந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? பிரிட்டனில் சாதாரண ஆண் ஆட்டக்காரர்கள் டிரைவரில் அடிக்கும் தூரத்தை ஆர் அண்ட் ஏ என்ற விதி வகுக்கும் அமைப்பு வருஷக்கணக்காக அளந்து வந்தது. 1996-ல் சராசரி சுமார் 200 கஜம். 2019-ல் சுமார் 216. இருபத்து மூன்று வருஷம், எத்தனையோ மாடல், எத்தனையோ ஆயிரம் கோடி ரூபாய்க்கு விற்பனை... பதினாறு கஜம்!

தொழில்முறை வீரர்கள் நிஜமாகவே ஏறினார்கள். அமெரிக்காவின் பிஜிஏ டூரில் 1980-ல் சராசரி சுமார் 257 கஜம், 2003-ல் சுமார் 286, இப்போது 300-ஐ ஒட்டி. மட்டை மட்டும் காரணம் இல்லை. பந்து மாறியது, உடற்பயிற்சி மாறியது. ஆனால் கேள்வி அதுவல்ல. எல்லாரும் சேர்ந்து ஏறினால் யாருக்கு என்ன லாபம்? முதலில் வந்தவர் முதலிலேயே இருக்கிறார், நாற்பதாவது ஆள் நாற்பதிலேயே இருக்கிறார். மாறியது மைதானம்தான். அமெரிக்காவின் அகஸ்டா மைதானம் 1998-ல் 6,925 கஜம், 2024-ல் 7,555 கஜம். பக்கத்து கிளப்பின் நிலத்தை வாங்கி நீட்டினார்கள். கூடுதல் நிலம், கூடுதல் புல், கூடுதல் தண்ணீர், நடக்கக் கூடுதல் நேரம். சினிமா கொட்டகையில் முன் வரிசைக்காரன் எழுந்து நின்றால் பின் வரிசைக்காரனும் எழுந்து நிற்க வேண்டியதுதான். கடைசியில் எல்லாருக்கும் கால் வலி, படம் தெரிவதென்னவோ பழைய அளவுதான்.

இதை நிறுத்தியாக வேண்டும் என்று அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏ 1998-ல் ஒரு கோடு போட்டது. மட்டை முகத்தின் துள்ளல் 0.83-க்கு மேல் போகக் கூடாது. அதாவது அசையாத முகத்தில் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுகிற பந்து 83-க்கு மேல் திரும்பக் கூடாது. கேலவே கம்பெனி சும்மா இருக்கவில்லை. 2000-ல் அந்தக் கோட்டைத் தாண்டிய 'ஈஆர்சி' மட்டையைச் சந்தைக்கு விட்டது. அர்னால்டு பாமர் போன்ற பெரிய மனிதரே, பொழுதுபோக்குக்கு விளையாடுகிறவன் வைத்துக்கொள்ளட்டுமே என்று பேசினார். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஒரு விதி, இந்தப் பக்கம் ஒரு விதி என்று சில வருஷம் இழுபறி. கடைசியில் இரண்டு அமைப்புகளும் உட்கார்ந்து பேசி, 2008-ல் இருந்து உலகம் முழுக்க ஒரே கோடு. இடையில் 2004-ல் தலையின் கொள்ளளவுக்கு 460 சிசி என்று இன்னொரு கோடு.

கோடு போட்டது பெரிதில்லை. யார் வேண்டுமானாலும் போடலாம். அதன் பிறகு அவர்கள் செய்த இரண்டு காரியங்கள்தான் பெரிது. ஒன்று, விதிக்கு உட்பட்ட டிரைவர் தலைகளின் பட்டியலை வெளியிட்டார்கள். செய்கிற கம்பெனி தன் தலையை அனுப்பிச் சோதித்துப் பட்டியலில் ஏற்ற வேண்டும். பட்டியலில் இல்லாததோடு பெரிய போட்டிக்கு வர முடியாது. பாரம் வாங்கினவன் முதுகில் மட்டும் ஏறாமல் விற்றவன் முதுகிலும் ஏறியது. இன்னொன்று, மைதானத்துக்கே எடுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சின்னக் கருவி. ஊசல் ஒன்று மட்டை முகத்தில் தட்டும்; எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தது என்று பார்க்கும். 239 மைக்ரோ வினாடி, விட்டுக்கொடுப்பு 18, மொத்தம் 257. ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்து அதில் 257!

சும்மா பேச்சுக்கு இல்லை. 2019-ல் பிரிட்டிஷ் ஓப்பனில் ஜேண்டர் ஷாஃபலே என்ற முன்னணி வீரரின் டிரைவர் இந்தச் சோதனையில் தோற்றது. 2025 மே மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ரோரி மெக்கில்ராய், ஸ்காட்டி ஷெஃப்லர் இருவரின் டிரைவரும் தோற்றன. ஷெஃப்லர் அப்போது உலகின் முதல் நிலை ஆட்டக்காரர். யாரும் ஏமாற்றவில்லை. பல ஆயிரம் அடி அடித்து அடித்து முகம் தேய்ந்து, மெலிந்து, துள்ளல் தானாகக் கூடிவிடுகிறது. வாங்கும்போது சட்டப்படி இருந்த மட்டை, உபயோகத்தில் சட்டத்தைத் தாண்டிவிடுகிறது. அதனால்தான் ஒரு முறை பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால் போதாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஷெஃப்லர் மாற்று டிரைவரை எடுத்துக்கொண்டு ஆடினார். கோப்பையும் அவருக்கே. அந்த மட்டை இல்லாவிட்டால் ஆளே இல்லை என்று விளம்பரம் எழுதுகிறவர்கள் இதை எங்கும் எழுதவில்லை :)

கோல்ஃப்காரர்கள் என்னவோ மகாத்மாக்கள் என்று அர்த்தம் இல்லை. தோற்றவர்களின் பெயர்களை அமைப்புகள் தாமாக வெளியே சொல்வதில்லை; கசிந்தால்தான் தெரியும். கோடு போட்டதும் விளையாட்டின் தூய்மைக்காக என்பார்கள். பழைய மைதானங்களின் சொந்தக்காரர்களுக்கு நிலம் நீட்டக் காசு ஆகிறது என்பதுதான் பாதிக் காரணம். இருக்கட்டும். சொந்த நஷ்டம் தெரிந்தாவது அளந்தார்களே.

இனி கடல்.

ராமேஸ்வரத்தில் ஏறக்குறைய 700 விசைப்படகுகள். இழுவை மடி போடுகிறவை. பாக் விரிகுடாவோ பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத தாம்பாளம். அடியில் சேறும் கடல்புல்லும். மடி அந்தத் தரையை வழித்துக்கொண்டு போகும். இறால் வரும், நண்டு வரும், கணவாய் வரும். கூடவே சங்காயம் வரும், அதாவது பொடியும் குஞ்சும் கலந்த கழிவு மீன். அது காய்ந்து கோழித் தீவனத்துக்குப் போகும். வளர விட்டால் அடுத்த வருஷம் கிலோவுக்கு நூற்றுக்கணக்கில் விலை போயிருக்கக்கூடிய மீனின் குஞ்சும் அதில் உண்டு.

கோல்ஃப்காரருக்கு டைட்டானியம் எதுவோ, லாஞ்சுக்காரருக்கு எஞ்சின் அது. எஞ்சின் பெரிதானால் மடி பெரிது, இழுவை வேகம், மீன் கிடக்கிற இடத்துக்கு முதலில் போகலாம், ஏலத்துக்கு முதலில் திரும்பலாம். ஒருவர் மாற்றினால் அவருக்கு லாபம், சந்தேகமே இல்லை. பக்கத்துப் படகுக்காரர் சும்மா இருப்பாரா? அவரும் மாற்றுவார். ஐந்து வருஷத்தில் எல்லாரும் மாற்றியிருப்பார்கள். யார் முதலில் போவது என்ற வரிசை பழைய வரிசையாகவே இருக்கும். மீன் பழைய அளவில்கூட இருக்காது.

கோல்ஃபிலாவது மைதானத்தை நீட்டினார்கள். பாக் விரிகுடாவை எங்கே போய் நீட்டுவது? மேற்கே கரை. கரையிலிருந்து 3 கடல்மைல் நாட்டுப்படகுக்கு உரியது என்று 1983-ன் சட்டம். கிழக்கே 1974-ல் போட்ட எல்லைக்கோடு, கச்சத்தீவுக்கு இந்தப் பக்கம். நடுவில் கிடக்கிற துண்டுதான் மைதானம். அதில் 700 பேர் பீரங்கியோடு நிற்கிறார்கள்.

வணிகவியல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் சாதாரணக் கணக்கு ஒன்று. டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.2 லிட்டர் குடிக்கும். 120 குதிரை எஞ்சின் மூன்றில் இரண்டு பங்கு சக்தியில் 12 மணி நேரம் ஓடினால் 192 லிட்டர். 240 குதிரை அதே மாதிரி ஓடினால் 384. வித்தியாசம் 192 லிட்டர். வரி விலக்கெல்லாம் போக லிட்டர் 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே ஒரு கடலுக்கு 15,360 ரூபாய், வாரத்துக்கு மூன்று கடல் என்றால் 46,080 ரூபாய். ஒரு கிலோ மீன் கூடுதலாகப் பிடிப்பதற்கு முன்பே கையை விட்டுப் போகிற பணம் இது. எஞ்சின் வாங்கிய கடனும் வட்டியும் தனி. இந்தப் பணம் யாருக்குப் போகிறது? எஞ்சின் விற்றவருக்கு, டீசல் பங்குக்கு, முன்பணம் கொடுத்துவிட்டு பாடு முழுவதையும் தன் விலைக்கு எடுத்துக்கொள்ளும் வியாபாரிக்கு. படகில் போன நான்கைந்து பேருக்குப் பங்கு பிரிக்கும்போது செலவைக் கழித்துவிட்டுத்தான் பிரிப்பார்கள். ஆக பெரிய எஞ்சினுக்கு டீசல் போடுவதில் கூலிக்குப் போகிறவரின் காசும் இருக்கிறது. அவரைக் கேட்டா எஞ்சின் மாற்றினார்கள்?

சரி, கடலுக்கு 460 சிசி மாதிரி கோடே இல்லையா? இருக்கிறது. 2020-ன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகளில் படகின் நீளம் 24 மீட்டருக்கு மேல் கூடாது, எஞ்சின் 240 குதிரைத்திறனுக்கு மேல் கூடாது, மடியின் கண் 40 மில்லிமீட்டருக்குக் கீழே கூடாது என்றெல்லாம் உண்டு. அதிவேக எஞ்சின் பற்றிய சண்டை காசிமேடு மாதிரி பெரிய துறைமுகங்களில்தான் அதிகம். ராமேஸ்வரம் படகுகள் அந்த எண்ணுக்கு வெகு கீழே என்று இங்கே படகு வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். நிஜமாகவே அப்படி என்றால் அளப்பதற்கு யாருக்கு என்ன பயம்?

அளப்பது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்தச் சமயத்தில் மீன்வளத் துறை, இந்த ஊர்த் துறைமுகத்தில் இன்ன தேதி ஆய்வு என்று முன்கூட்டியே பேப்பரில் போடும். அன்றைக்கு அதிகாரிகள் வருவார்கள். பதிவுப் புத்தகம், நீளம், பெயின்ட் நிறம், எஞ்சின் மேல் ஒட்டியிருக்கும் தகடு எல்லாம் பார்ப்பார்கள். தகட்டைப் படிப்பது அளப்பதாகுமா? டீசல் பம்பைக் கொஞ்சம் திருகிவிட்டால் எஞ்சினின் சக்தி ஏறும். தகட்டில் அச்சடித்த எண் அப்படியே இருக்கும். இது இந்த ஊர் புத்தி மட்டும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நேரில் சோதித்துப் பார்த்த மீன்பிடிக் கப்பல்களில் ஏறக்குறைய பாதி, சான்றிதழில் சொன்னதைவிடக் கூடுதல் சக்தி உள்ளவை என்று தெரிந்தது. அங்கேயே அப்படி. ஆனால் அவர்கள் சோதித்தார்கள், தெரிந்தது.

இதற்கு மறுப்பு சொல்கிறவர்கள் மூன்று வகை.

முதல் வகை, "அவன் காசு, அவன் எஞ்சின், உனக்கென்ன?" என்பவர்கள். கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள், வேடிக்கை. மட்டை அவன் காசில் வாங்கியதுதான். அதற்கே விளையாட்டுக்காரர்கள் எல்லை வைத்தார்கள். அங்கே கெடுவது பந்தயம், இங்கே கெடுவது பக்கத்து வள்ளக்காரன் அடுப்பு. 3 கடல்மைலுக்குள் மடி புகுந்து நாட்டுப்படகுக்காரரின் நண்டு வலையை அறுத்துக்கொண்டு போனால், அந்த வலைக்குக் காசு யார் பணம்?

இரண்டாம் வகை, "எல்லையில் இலங்கைக் கடற்படை துரத்துகிறது, வேகம் இல்லாவிட்டால் தப்பிக்க முடியாது" என்பவர்கள். இந்த வாதத்தை இளக்காரம் செய்யக் கூடாது. பிடிபட்ட படகும் சிறையில் கிடக்கும் ஆட்களும் நிஜம். ஆனால் வரிசையைத் திருப்பிப் பாருங்கள். இந்தப் பக்கம் வழித்து முடித்ததால்தான் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. வழித்தது எது? பெரிய எஞ்சினும் பெரிய மடியும். அப்புறம் தப்பிக்க இன்னும் பெரிய எஞ்சின். 2009-ல் போர் முடிந்த பிறகுதான் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் நிம்மதியாகக் கடலுக்குத் திரும்பினார்கள். ராத்திரியில் வலையை இழந்து நிற்கிறவரும் தமிழ் பேசுகிறவர்தான். இலங்கை 2017-ல் இழுவை மடியையே சட்டம் போட்டு நிறுத்திவிட்டது.

மூன்றாம் வகைக்குத்தான் பதில் சொல்வது கஷ்டம். "கடன் வாங்கியாகிவிட்டது, இப்போது குறைக்கச் சொன்னால் எங்கே போவது?" உண்மை. இழுவை மடியை விட்டுவிட்டு ஆழ்கடலுக்குப் போங்கள் என்று 2017 ஜூலையில் ராமேஸ்வரத்திலேயே பிரதமர் ஒரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். படகு 80 லட்சம். மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கிக் கடன் 20, மீனவர் 10. மூன்று வருஷத்தில் 2,000 படகு என்று இலக்கு. அதன் அருகில்கூடப் போகவில்லை. தாம்பாளத்தில் ஒரு நாள் மீன்பிடித்துத் திரும்பிப் பழகியவரைப் பல நாள் ஆழ்கடலுக்குத் தூண்டிலோடு போகச் சொன்னால், அது வேறு தொழில். அதைக் கற்றுக்கொடுக்கவும், கற்றுக்கொள்ளும் வரை சோறு போடவும் பணம் ஒதுக்காமல் படகை மட்டும் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். கோபம் இங்கே அரசாங்கத்தின் மேல் போக வேண்டும், மீனவர் மேல் அல்ல.

எஞ்சின் விற்கிற கடையை யாரும் கேட்பதில்லை என்பதுதான் இதில் உச்சம். பிடித்தால் படகுக்காரருக்கு டோக்கன் கிடையாது, டீசல் கிடையாது. 240-ஐத் தாண்டும் எஞ்சினை மீன்பிடிப் படகுக்கு என்று தெரிந்தே விற்றவருக்கு என்ன? கேலவே கம்பெனியை மண்டியிட வைத்தது அந்தப் பட்டியல்தானே. அது மாதிரி, மீன்பிடிப் படகில் ஏற்றலாம் என்று அனுமதித்த எஞ்சின்களின் பட்டியலைத் துறையே வெளியிடட்டும். பம்பைத் திறக்க முடியாதபடி முத்திரை வைத்து விற்கட்டும். முத்திரை உடைந்திருந்தால் யார் உடைத்தது என்று அப்புறம் கேட்கலாம்.

இந்தக் கரைக்குக் கட்டுப்பாடு என்பது புதுசா என்ன? விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று பாக் விரிகுடாவில் பல வருஷமாக ஓடுகிற ஏற்பாடு, அடிதடிக்குப் பிறகு உட்கார்ந்து பேசி வந்தது. ராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி என்றால் சின்னப் பிள்ளைக்குக்கூட லாஞ்சு போகிற நாள் என்று தெரியும். பொதுச் சொத்து என்றாலே ஆளாளுக்குப் பிய்த்துத் தின்று அழித்துவிடுவார்கள் என்று புத்தகத்தில் இருக்கிறது. அது எல்லா இடத்திலும் உண்மையில்லை, மீனவர்களும் விவசாயிகளும் தாங்களே விதி போட்டுக் காப்பாற்றிய இடங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன என்று காட்டித்தான் எலினோர் ஆஸ்ட்ரம் 2009-ல் பொருளாதார நோபல் வாங்கினார். நாளை எண்ணுவது எல்லாருக்கும் கண்ணால் தெரியும், அதனால் அந்த விதி நிற்கிறது. குதிரைத்திறன் கண்ணால் தெரியாது, அதனால் நிற்கவில்லை. அதற்காகவே கருவி வேண்டும்.

கருவி ஒன்றும் வானத்தில் இல்லை. கப்பல் துறையில் பழைய முறை ஒன்று உண்டு. படகைத் தடித்த வடத்தால் கரையில் ஒரு தூணோடு கட்டி, நடுவில் ஒரு தராசைக் கோத்து, எஞ்சினை முழு வேகத்தில் விடுவது. எத்தனை டன் இழுக்கிறது என்று தராசு காட்டிவிடும். சாதாரண விசிறிக்கு 100 குதிரைக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேல் என்பது மேலோட்டமான கணக்கு. தகடு என்ன சொன்னாலும் தராசு பொய் சொல்லாது. மடியை இழுக்கும் பலம்தான் பிரச்சினை என்னும்போது அந்த இழுவையையே நேராக அளப்பதைவிடப் பொருத்தமான அளவு வேறு ஏது? தராசு கிரேனில் மாட்டுகிற சாதாரணத் தராசு. வடம் துறைமுகத்திலேயே கிடக்கிறது. எல்லாப் படகும் கட்டிக் கிடக்கிற 61 நாளும் இருக்கிறது. மைக்ரோ வினாடியை அளக்கிற வேலையை விட இது ரொம்பச் சுலபம்.

முதலில் யார் படகைக் கட்டுவது என்று சண்டை வரும், கட்டாயம் வரும். சங்கத்துக்காரர் படகை விட்டுவிட்டு என் படகைப் பிடிக்கிறாயா என்பார்கள். பதிவு எண்களைச் சீட்டில் எழுதி ஒரு குடத்தில் போட்டு, துறைமுகத்தில் எல்லார் முன்னிலையிலும் ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். தடைக்காலத்தில் ஒரு முறை எடுங்கள். அப்புறம் அக்டோபரிலோ நவம்பரிலோ, பேப்பரில் தேதி போடாமல், ஒரு திங்கட்கிழமை காலையில் இன்னொரு முறை எடுங்கள்.